பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்



பொது இடத்தில் மது அருந்தலாமா? அருந்தினால் சட்டம் என்ன செய்யும்? பயணம் போகிறவர்கள் எதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? இதுவே இன்று நம் முன்னால் இருக்கும் கேள்வி.

மது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அதற்கு மேடைகள் உண்டு, பேச ஆட்களும் உண்டு. குடிக்கிறவரும் குடிக்காதவரும் ஒரே வேனில்தான் பயணம் போகிறார்கள். ஒருவர் செய்த தவற்றுக்கு வேனில் இருக்கும் அத்தனை பேரும் சாலையோரத்தில் நிற்க வேண்டி வருகிறது. ஆகவே, குடிக்காதவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பும் பெற்றோர் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

இந்தப் பேச்சு ஜொகூருக்கு மற்ற மாநிலங்களைவிட அதிகம் பொருந்தும். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம்தான். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடந்தவுடன் மதுவைப் பற்றிய சட்டம் தலைகீழாக மாறிவிடுகிறது. அங்கே சரியென்று இருப்பது இங்கே குற்றம். இங்கே யாரும் கேட்காதது அங்கே அபராதம். தினமும் லட்சக்கணக்கான மக்கள் கடக்கிற பாலம் இது. அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! வேலைக்குப் போகிறவர்கள், தீபாவளிக்குத் தேக்காவில் துணி எடுக்கப் போகிறவர்கள், அங்கிருந்து சனி ஞாயிறுகளில் தெசாருவுக்கும் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்கும் வருகிறவர்கள். இரண்டு பக்கச் சட்டத்தையும் அறிந்தவர்கள் எத்தனை பேர்?

தெருவில் குடித்தால் குற்றமா?

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். "மலேசியாவில் பொது இடத்தில் பீர் குடிப்பது குற்றமா?" என்று கேட்டால், சிங்கப்பூரில் இருப்பதுபோல் நாடு முழுமைக்கும் பொருந்துகிற நேரத் தடைச் சட்டம் ஒன்று இங்கே இல்லை. இதைக் கேட்டவுடனே சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

குடிப்பது வேறு, குடித்துவிட்டுப் பிறருக்குத் தொல்லை கொடுப்பது வேறு. நமது தண்டனைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு இந்த இரண்டாவதைத்தான் பிடிக்கிறது. போதையில் பொது இடத்துக்கு வந்து, யாருக்காவது எரிச்சலூட்டும்படி நடந்து கொண்டால் 10 நாள் வரை சிறை, அல்லது 20 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த 20 ரிங்கிட் என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு இதே எண்ணுக்குத் திரும்பி வருவேன்.

இந்தப் பிரிவு இந்தியாவில் ஆங்கிலேயர்கள் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்தது. அங்கே அதே குற்றத்துக்கு 24 மணி நேரச் சிறையும் 10 ரூபாய் அபராதமும் உச்ச வரம்பாக இருந்தன. 2024 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்த அபராதத்தை 1,000 ரூபாய் வரை உயர்த்தி, சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது.

அடுத்து, ஊராட்சி மன்றங்களின் துணை விதிகள். ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசீர் கூடாங் என்று மாநகர் மன்றங்கள் பல உண்டு. பூங்கா, கடற்கரை, விளையாட்டுத் திடல் போன்ற இடங்களுக்கு அவை தனி விதிகள் வைத்துக் கொள்ளலாம். நுழைவாயிலில் இருக்கும் அறிவிப்புப் பலகையை நாம் படிப்பதே இல்லை. படம் எடுப்பதற்கு முன் அதை ஒரு நிமிடம் படித்துவிட்டால் பாதி வம்பு தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீர் குடித்ததற்காக உங்களைப் பிடிக்காத அதிகாரி, காலி டின்னைப் புல்வெளியில் வீசியதற்காகப் பிடிக்கலாம். 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை வீசுகிறவர்களுக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும், 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. வெளிநாட்டவருக்கும் விலக்கு இல்லை. சுற்றுலாவுக்கு வந்தவர் துடைப்பத்தோடு சாலையைக் கூட்டிக் கொண்டு நிற்பது யாருக்கும் பெருமையான காட்சியாக இருக்காது.

பதினெட்டா, இருபத்தொன்றா?

வயது விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மலேசியாவில் மது விற்பதற்கான வயது வரம்பு முன்பு 18 ஆக இருந்தது. உணவு விதிமுறைகளில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம் அதை 21 ஆக உயர்த்தியது. 2017 டிசம்பர் 1ஆம் தேதி முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம். சிங்கப்பூரிலோ வரம்பு இன்னும் 18தான்.

செனாயில் குடியிருக்கும் 19 வயதுப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்று வைத்துக் கொள்வோம். உட்லண்ட்ஸில் அவன் பீர் வாங்கினால் கடைக்காரர் கொடுக்கலாம். அதே பையன் பாலத்தைத் தாண்டி வந்து ஜொகூர் பாருவில் கேட்டால் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சட்டத்தின் முன் நிற்க வேண்டியவர் கடைக்காரர். எனவே கடைக்காரர் அடையாள அட்டையையோ கடப்பிதழையோ கேட்டால் கோபப்படாதீர்கள். "என்னைப் பார்த்தால் சின்னப் பையன் மாதிரியா இருக்கிறது?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர் தம்முடைய உரிமத்தைக் காப்பாற்றிக் கொள்கிறார்.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறைக்கு ஜொகூர் வருவதும், இங்குள்ள மாணவர்கள் அங்கே போவதும் சாதாரணம். பெற்றோர் இந்த ஒரு வித்தியாசத்தையாவது பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்

ஜொகூரில் 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டம் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் ஒருவர் மது அருந்துவது இதன்படி குற்றம். தெருவிலா, உணவகத்திலா என்ற பேதம் இதில் பெரிதாக இல்லை. இந்தச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொருந்தாது.

பொருந்தாது என்பதால் நமக்கு இதில் கவனிக்க ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள், தங்கள் ஊரில் இப்படி ஒரு சட்டம் இல்லாததால், இங்கேயும் இல்லை என்று எண்ணிவிடலாம். அழைத்து வருகிற உறவினர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதேபோல் மலாய் நண்பரையோ இந்திய முஸ்லிம் நண்பரையோ விருந்துக்கு அழைத்துவிட்டு, விளையாட்டுக்குக்கூட "ஒரு மடக்கு" என்று நீட்டக் கூடாது. உங்களுக்கு அது வேடிக்கை. அவருக்கு அது மார்க்கமும் சட்டமும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹலால் உணவகத்துக்குள் பீர் டின்னை எடுத்துப் போய் மேசையில் வைப்பது, பள்ளிவாசலுக்கும் சூராவுக்கும் எதிரில் கூடி நின்று குடிப்பது, நோன்பு மாதத்தில் இப்படி நடந்து கொள்வது, இவையெல்லாம் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய விஷயங்களே அல்ல. பல இனங்கள் அருகருகே வாழும் ஊரில் இது அடிப்படை மரியாதை. நமது கோயில் வாசலில் ஒருவர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும். தைப்பூசத்தில் காவடியோடு வரும் கூட்டத்தில் போதையோடு ஆடுகிற நம் இளைஞர்களுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பாலத்தைக் கடந்தால்

இப்போது அந்தப் பக்கம் போவோம். சிங்கப்பூரில் 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. பூங்கா, நடைபாதை, அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளம் எல்லாமே பொது இடம்தான். அந்த நேரத்தில் கடைகளில் மதுவை வாங்கிக் கையில் எடுத்துச் செல்லவும் முடியாது. வீட்டுக்குள்ளும், உரிமம் பெற்ற உணவகம், கோப்பிக் கடை போன்ற இடங்களில் அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள்ளும் குடிப்பதற்கு இந்தத் தடை இல்லை.

மீறினால் முதல் முறை 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். மீண்டும் மீண்டும் மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தேக்காவுக்குப் போகிறவர்கள் இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டவை. அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை, பகலானாலும் இரவானாலும், பொது இடத்தில் மது அருந்தத் தடை. பொது விடுமுறைகளை ஒட்டியும் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. இந்த வட்டாரத்துக்குள் செய்யும் குற்றத்துக்குத் தண்டனையும் கூடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு திடலில் உட்கார்ந்து, "இன்னும் பொழுது சாயவில்லையே" என்று டின்னைத் திறந்தால் அது குற்றம். கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிழமையைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது நம் சமூகம் மறக்கக் கூடாத வரலாறு. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத்தைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்து மோதி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் அதில் ஈடுபட்டனர். போலீஸ் வாகனங்களும் அவசர சிகிச்சை வாகனமும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் அப்படி ஒரு கலவரத்தைப் பார்த்ததில்லை. 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 2014இல் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, கலவரம் பெரிதானதற்கு மதுவும் ஒரு காரணம் என்று குறிப்பிட்டது. மறு ஆண்டே நாடு முழுமைக்கும் சட்டம் வந்துவிட்டது.

ஒரு சக தொழிலாளியின் சாவைப் பார்த்து வந்த துக்கமும் ஆத்திரமும் நியாயமானவை. ஆனால் அந்தத் துக்கத்தைக் கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் போனதற்கு மது ஒரு காரணமாகிவிட்டது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்த மனிதன் ஓர் இரவில் கையில் ஒரு காசில்லாமல் ஊருக்குப் போய் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அவன் குடித்த மதுவின் உண்மையான விலை அதுதான்.

சுங்கச் சாவடியில்

குடிப்பதற்கு ஒரு சட்டம் என்றால், பையில் எடுத்துப் போவதற்கு இன்னொரு சட்டம். சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்களுக்கு வரியில்லா மதுச் சலுகை உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் அது மொத்தம் 2 லிட்டர். இதைப் படித்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் நமக்கு முக்கியம். மலேசியாவிலிருந்து வருகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆக, ஜொகூர் பாருவில் வாங்கிய ஒரே ஒரு பாட்டிலாக இருந்தாலும், உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ சுங்க அதிகாரியிடம் அறிவித்து வரி கட்ட வேண்டும். பச்சைத் தடத்தில் தெரியாதவர் மாதிரி நடந்துபோய் மாட்டிக் கொண்டால் வரியோடு அபராதமும் சேரும். நண்பருக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்வதெல்லாம் அங்கே செல்லாது. அறிவித்துவிட்டு வரியைக் கட்டினால் ஒருவரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

மலேசியப் பக்கம் வரியில்லாச் சலுகை 1 லிட்டர். அதற்கும், எவ்வளவு காலம் வெளியே இருந்தீர்கள் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு அது எட்டாது. மெர்சிங் துறைமுகத்திலிருந்து தியோமான் தீவுக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். படகு ஏறும் இடம் ஜொகூர், தீவோ பகாங் மாநிலம். தியோமான் தீர்வையில்லாத் தீவு. அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டி பெட்டியாக ஏற்றிக் கொண்டு கரைக்கு வர முடியாது. கொண்டு வருவதற்கு வரம்பு இருக்கிறது.

இருபது ரிங்கிட்டும் முப்பதாயிரம் ரிங்கிட்டும்

இப்போது அந்த 20 ரிங்கிட்டுக்கு வருவோம். தெருவில் தள்ளாடித் தொல்லை கொடுத்தவருக்கு 20 ரிங்கிட் அபராதம் எழுதிய அதே நாட்டுச் சட்டம், அவர் வாகனத்தில் ஏறி அமர்ந்தவுடனே முற்றிலும் வேறு முகத்தைக் காட்டுகிறது.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. அந்த ஆண்டில் குடிபோதை ஓட்டுநர்களால் அடுத்தடுத்து உயிர்கள் பலியாகி, நாடே கொதித்துப் போயிருந்த நேரம். 2020 அக்டோபர் 23 முதல் புதிய தண்டனைகள் நடப்புக்கு வந்தன.

முன்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை மது இருக்கலாம் என்றிருந்தது. அது 50 மில்லிகிராமாகக் குறைந்தது. சுவாசப் பரிசோதனையில் வரம்பு 35 மைக்ரோகிராமிலிருந்து 22 ஆனது. வரம்பை மீறி ஓட்டினால், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், குறைந்தது 10,000 ரிங்கிட், கூடியது 30,000 ரிங்கிட் அபராதம். அதோடு இரண்டு ஆண்டு வரை சிறை. ஓட்டுநர் உரிமம் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் போய்விடும்.

போதையில் ஓட்டி ஓர் உயிர் போய்விட்டால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். குறைந்தபட்சமே 10 ஆண்டு என்பதைக் கவனியுங்கள். நாற்பது வயதில் உள்ளே போகிறவர் ஐம்பதில் வெளியே வருவார். அவர் பிள்ளைகள் அதற்குள் படித்து முடித்து, அப்பா இல்லாமலே கல்யாணம்கூடச் செய்திருப்பார்கள். எதிரில் வந்தவரின் பிள்ளைகளுக்கோ அப்பா திரும்பி வரவே மாட்டார்.

இருபது ரிங்கிட்டுக்கும் முப்பதாயிரம் ரிங்கிட்டுக்கும் உள்ள இந்தத் தூரத்தில்தான் சட்டத்தின் மனம் தெரிகிறது. கோப்பையைப் பற்றிச் சட்டம் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கோப்பையைக் கீழே வைத்த பிறகு நீங்கள் யாருடைய உயிரோடு விளையாடினீர்கள் என்றுதான் கேட்கிறது. குடித்துவிட்டு நடந்து போய் வீட்டில் விழுந்து தூங்கியவனும், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை முடுக்கியவனும் சட்டத்தின் முன்னால் ஒரே ரகம் அல்லர்.

"நான் வண்டியை ஓட்டவில்லையே, உள்ளே படுத்துத்தானே இருந்தேன்" என்று சிலர் வாதாடுவார்கள். பொது இடத்தில் போதையோடு வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பதும் குற்றம்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஓட்டுகிற எண்ணமே இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தலையில் விழும். சுவாசப் பரிசோதனைக்குத் தகுந்த காரணமில்லாமல் ஒத்துழைக்க மறுப்பதும் தனிக் குற்றம். ஊதாமல் தப்பித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். குடிபோதையில் நேர்ந்த விபத்துக்கு உங்கள் வாகனச் சேதத்தைத் தர மாட்டோம் என்ற விதி அதில் இருக்கும்.

சிங்கப்பூரில் வரம்பு 80 மில்லிகிராம், இந்தியாவில் 30. அங்கே தேறியவர் இங்கே தேற மாட்டார். இங்கே தேறியவர் சென்னையில் உறவினர் காரை ஓட்டினால் தேற மாட்டார்.

விடியற்காலை நான்கு மணிக் கணக்கு

ஜொகூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. நமது பிள்ளைகள் பலர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்தைப் பிடிக்கிறார்கள். முதல் நாள் இரவு கொஞ்சம் குடித்திருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தூங்கி எழுந்தாயிற்று, குளித்தாயிற்று, கோப்பியும் குடித்தாயிற்று. தெளிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

640 மில்லிலிட்டர் பெரிய பாட்டில் பீரில், 5 விழுக்காடு மது என்றால், சுமார் 25 கிராம் மது இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அந்த ஒரு பாட்டிலை மளமளவென்று குடித்தாலே அவருடைய இரத்தத்தில் மது 50 மில்லிகிராமைத் தொட்டுவிடும். தாண்டவும் கூடும். உடம்பு அதைக் கரைப்பதோ மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வேகத்தில்தான். குளித்தாலும் அந்த வேகம் கூடாது. கறுப்புக் கோப்பி தூக்கத்தை விரட்டும், மதுவை விரட்டாது.

அதே மனிதர் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை மூன்று பெரிய பாட்டில் குடித்தால், பன்னிரண்டு மணிக்கு அவர் இரத்தத்தில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கும். நான்கு மணி நேரத்தில் 60 கரையும். மிச்சம் 60. விடியற்காலை நான்கு மணிக்கு அவர் மலேசிய வரம்புக்கு மேலே இருக்கிறார். இது தோராயக் கணக்கு. எடை, வயிற்றில் இருந்த சாப்பாடு, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இருட்டு, மழை, லோரிகளுக்கு நடுவே ஓட்டம், அரைத் தூக்கம், அதற்கு மேல் 60 மில்லிகிராம். மாதச் சம்பளத்துக்காகப் போகிற பயணத்தில் இவ்வளவு ஆபத்தைச் சேர்க்க வேண்டுமா? வேலை இருக்கிற நாளுக்கு முந்திய இரவில் குடிக்காதே என்று அண்ணன் தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

மலிவு மதுவின் விலை

வாகனம் இல்லாமலே உயிரை வாங்கும் மதுவும் உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மது பல பத்துப் பேரின் உயிரைக் குடித்தது. மலேசியர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் மாண்டார்கள். தமிழகத்தில் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயத்துக்குப் பலியானார்கள். ஊர் வேறு, மொழி வேறு, காரணம் ஒன்றுதான். மலிவாகக் கிடைத்தது, வாங்கிக் குடித்தார்கள்.

வெளியூருக்குப் போனால், உரிமம் உள்ள கடையில், முத்திரை உடையாத பாட்டிலை மட்டுமே வாங்க வேண்டும். சுங்கத்துறையின் வரி முத்திரை இல்லாத மது கடத்தல் சரக்காகவோ போலியாகவோ இருக்கலாம். குடித்த பிறகு, மறுநாளானாலும் சரி, கண் மங்கினால், கடுமையான தலைவலியும் வாந்தியும் வந்தால், மூச்சு வாங்கினால், "போதை தெளியவில்லை" என்று போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். என்ன குடித்தார் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நேரம் கடந்தால் பார்வை போகும், உயிரும் போகும்.

தோட்டப்புறங்களில் சம்சு செய்த அழிவை நாம் அறிவோம். சின்னச் சின்னப் பாட்டிலில், சில ரிங்கிட் விலையில், கூலியாட்களைக் குறிவைத்து அது விற்கப்பட்டது. வயது வரம்பை உயர்த்திய அதே திருத்தம், அப்படிப்பட்ட கலப்பு மதுவைக் குறைந்தது 700 மில்லிலிட்டர் கண்ணாடிப் பாட்டிலில்தான் விற்க வேண்டும் என்றும் விதித்தது. மலிவாக ஒரு வாய்க்குக் கிடைப்பதைத் தடுப்பதே நோக்கம். சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, 1946-47இல் கெடா மாநிலத் தோட்டத் தொழிலாளர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிரில் மறியல் செய்தார்கள். அடி பட்டார்கள், சிறை போனார்கள். படிக்காத அந்த மக்களுக்குத் தெரிந்திருந்த கணக்கு, படித்த நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பயணத்துக்கு முன் ஒரு நிமிடம்

ஆகவே, குடும்பத்தோடோ நண்பர்களோடோ கிளம்புவதற்கு முன் சிலவற்றைத் தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

வாகனத்தை ஓட்டப் போகிறவர் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். அவர் அன்று ஒரு சொட்டும் தொடக் கூடாது. "ஒன்றே ஒன்று" என்று வற்புறுத்துகிறவர் நண்பர் அல்லர். குடித்தவர் வண்டியில் ஏறும் நிலை வந்தால் சாவியை வாங்குங்கள். வாடகைக் காருக்கு ஆகும் முப்பது நாற்பது ரிங்கிட்டைக் கணக்குப் பார்க்காதீர்கள். வாடகை வேனில் போனால், ஓட்டுநருக்கு மரியாதைக்காகக்கூட மது கொடுக்காதீர்கள்.

அடையாள அட்டை, கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள். பாலத்தைக் கடக்கும்போது பையில் மது இருந்தால் அறிவித்துவிடுங்கள். சிங்கப்பூரில் நேரத்தையும் கிழமையையும் வட்டாரத்தையும் பாருங்கள். காசி, கயை யாத்திரைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். கயை இருக்கும் பீகார், 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கைக் கொண்டு வந்த மாநிலம். விமானத்தில் வாங்கிய தீர்வையில்லாப் பாட்டிலோடு அங்கே போய் இறங்க வேண்டாம்.

போலீஸ்காரர் நிறுத்தினால் மரியாதையாகப் பேசுங்கள். வாக்குவாதமும் கைகலப்பும் சின்னக் குற்றத்தைப் பெரிய குற்றமாக்கிவிடும். கையில் பணத்தைத் திணிக்க முயன்றால் அது லஞ்சக் குற்றம், முதல் குற்றத்தைவிடக் கனமானது. வேலை அனுமதியில் வந்திருக்கும் தமிழகத்துத் தம்பிகள் இதை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். உங்களை நம்பி ஊரில் ஒரு குடும்பம் மாதம் பிறப்பதற்காகக் காத்திருக்கிறது.

"எனக்குத் தெரியாது" என்பதை எந்த நாட்டு நீதிமன்றமும் ஒரு பதிலாக ஏற்பதில்லை. பாலத்தைக் கடப்பதற்குக் கடப்பிதழ் எப்படித் தேவையோ, அப்படியே அந்தப் பக்கத்துச் சட்டம் பற்றிய அறிவும் தேவை. கடப்பிதழைக் குடிநுழைவு அதிகாரி கேட்பார். சட்டம் தெரியுமா என்று முன்கூட்டி ஒருவரும் கேட்கப் போவதில்லை. தெரியாமல் நடந்த பிறகுதான் கேட்பார்கள்.